பிறர் நிலத்து மரத்தை வெட்டுதல்: சட்டப் பொறுப்பும் மர மதிப்பீட்டுச் சிக்கலும் – பண்பொழி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பிறருக்கு உரிமையான நிலத்தில் நிற்கும் மரத்தை அவர் இசைவின்றி வெட்டுவது இந்தியச் சட்டத்தில் திருட்டு, சொத்துக்குச் சேதம் விளைவித்தல், அத்துமீறல் என மூவகைப் பொறுப்புக்கு இடமளிக்கிறது. மரம் நிலத்தில் நிற்கும்போது அசையாச் சொத்தாகவும் வெட்டுண்டபின் அசையும் சொத்தாகவும் கொள்ளப்படுவதால், ஒரே செயலுக்கு இருவேறு மதிப்புகள் எழுகின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, இழப்பின் தொகையைப் பொறுத்துத் தண்டனையை வகுத்துள்ளது. ஆகவே மரத்தின் மதிப்பை எவ்வாறு கணக்கிடுவது என்னும் வினா, இழப்பீட்டை மட்டுமன்றிக் குற்றத்தின் தரத்தையும் உறுதிசெய்யும் வினாவாக மாறியுள்ளது. இக்கட்டுரை தென்காசி மாவட்டம் பண்பொழி வட்டாரத்தின் நிலவகைகளைப் பின்புலமாகக் கொண்டு இச்சட்டநிலையை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பண்பொழி, மரவடை, திருட்டு, சொத்துச் சேதம், அத்துமீறல், மர மதிப்பீடு, இழப்பீடு.

முன்னுரை

தென்காசி மாவட்டம் செங்கோட்டை வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த பேரூராட்சி பண்பொழி. பைம்பொழில் என்பது இதன் பழம்பெயர். பொழில் என்னும் சொல் சோலையைக் குறிக்கும். திருமலைக் குமாரசாமி கோயில் அமைந்த குன்றிலிருந்து நோக்கினால் நெல்வயலும் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் அடுத்தடுத்துக் கிடப்பதைக் காணலாம். மேற்கே மேக்கரை, அடவிநயினார் அணை, அவற்றைக் கடந்து அச்சன்கோவில் செல்லும் மலைப்பாதை என நிலம் காட்டை நோக்கி உயர்கிறது.

தனியார் பட்டா நிலம், கோயில் நிலம், அரசுப் புறம்போக்கு, வனத்துறைக்குரிய காடு ஆகியவை இத்தகைய அடிவாரப் பகுதிகளில் ஒன்றையொன்று ஒட்டியே அமைகின்றன. ஆதலால் ‘பிறர் நிலத்து மரம்’ என்னும் தொடரில் அந்தப் ‘பிறர்’ யார் என்பதே முதல் வினாவாகிறது. அண்டை விவசாயி, கோயிலில் எழுந்தருளியுள்ள தெய்வம், அரசு ஆகிய மூவருள் ஒருவராக அவர் இருக்கலாம். இந்து சமயக் கோயில் நிலங்களில் தெய்வமே சட்டமுறை உரிமையாளர். நிலம் யாருடையதாயினும் வெட்டியவரின் பொறுப்பு எப்போது தொடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

நிலவுரிமையும் மரவுரிமையும்

மரத்தை நிலத்திலிருந்து பிரித்து எண்ணும் வழக்கம் தமிழகத்தில் தொன்மையானது. சோழர் காலச் செப்பேடுகள் கொடைநிலத்தின் உரிமைகளை அடுக்கும்போது மேல்நோக்கி வளரும் மரத்தையும் கீழ்நோக்கித் தோண்டிய கிணற்றையும் தனித்தனியே குறிப்பிடுகின்றன. இன்றைய கிரயப் பத்திரங்களிலும் ‘மாவடை மரவடை’, ‘ஜல தரு பாஷாணம்’ ஆகிய தொடர்கள் தொடர்ந்து எழுதப்படுகின்றன. தரு என்பது மரம். நிலத்தை விற்பவர் அதிலுள்ள மரங்களையும் சேர்த்தே விற்கிறார் என்பதை ஐயமற நிறுவுவதே இத்தொடர்களின் பணி.

மரத்தின் மீது இழைக்கப்படும் தீங்குக்கும் அதற்கான தண்டனைக்கும் இடையே அளவுப்பொருத்தம் வேண்டும் என்னும் உணர்வைச் சங்க இலக்கியமும் காட்டுகிறது. நன்னனின் காவல் மாமரத்திலிருந்து ஆற்றில் விழுந்து மிதந்து வந்த காயைத் தின்ற பெண்ணுக்கு ஈடாக எண்பத்தோரு யானைகளும் அவள் எடைக்கு நிகரான பொற்பாவையும் தர முன்வந்தும் அவன் ஏற்காமல் அவளைக் கொன்றான் என்பதைப் பரணரின் குறுந்தொகை 292ஆம் பாடல் பதிவுசெய்கிறது. அவனது மாமரத்தைக் கோசர் அழித்த செய்தி அதே தொகையின் 73ஆம் பாடலில் வருகிறது. காய்க்கு ஈடு எது, மரத்துக்கு ஈடு எது என்னும் வினா இங்கு உயிரின் விலையோடு மோதுகிறது.

பண்பொழி அமைந்துள்ள செங்கோட்டை வட்டாரத்துக்குத் தனித்த வரலாறு ஒன்றுண்டு. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநில அமைப்பின்போதுதான் செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்குமுன் அது திருவிதாங்கூர் ஆட்சிப்பகுதி. திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை அரசுக்குரிய ‘இராஜகீய மரங்கள்’ எனக் கருதப்பட்டன. குடிமகன் நிலத்தில் அவை முளைத்தாலும் மரத்தின் உரிமை அரசிடமே இருந்தது.

இம்மரபின் தொடர்ச்சியை அண்மைக் காலக் கேரளத்தில் காணலாம். 2020 அக்டோபர் 24 அன்று வெளியான கேரள அரசாணையைக் காரணம் காட்டி, வயநாடு மாவட்டம் முட்டில் பகுதியில் பட்டா நிலங்களிலிருந்த பழமையான ஈட்டி மரங்கள் வெட்டப்பட்டன. 2021 பிப்ரவரி 2 அன்று அந்த அரசாணை திரும்பப் பெறப்பட்டது. நிலம் விவசாயியுடையது, மரம் அரசுடையது என்னும் இரட்டைநிலை அவ்வழக்கின் மையமாயிற்று. நில உரிமையாளரின் இசைவு ஒன்றே மரம் வெட்டப் போதாது என்பதற்கு இது தெளிவான சான்று.

இதன் மறுதலையான நிலையும் தமிழகத்தில் உண்டு. அரசுப் புறம்போக்கில் உள்ள மரத்தின் பலனை அனுபவிக்கத் தனியாருக்கு வழங்கப்படும் மரப்பட்டா ‘2சி பட்டா’ என வழங்குகிறது. இங்கு நிலம் அரசுடையது, பலன் பட்டாதாரருடையது. பலனை எடுக்கும் உரிமை மரத்தை வீழ்த்தும் உரிமையாகாது. குத்தகைதாரருக்கும் ஒத்திதாரருக்கும் இதே வரம்பு பொருந்தும். சொத்துரிமை மாற்றச் சட்டம் 1882இன் 108ஆம் பிரிவின் ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்துக் கூறு, குத்தகைதாரர் மரத்தை வெட்டவோ விற்கவோ கூடாது என்கிறது. நிலத்தைத் தம் அனுபவத்தில் வைத்துள்ள ஒத்திதாரர் அதற்கு நிலையான கேடு விளைவிக்கலாகாது என்கிறது 76ஆம் பிரிவு. ஆகவே சட்டப்படி உள்ளே இருப்பவரும் ‘பிறர் மரத்தை’ வெட்டியவர் ஆகக்கூடும்.

நிற்கும் மரமும் வீழ்ந்த மரமும்

பொதுக் கூறுகள் சட்டம் 1897, மண்ணோடு பிணைந்தவற்றை அசையாச் சொத்தில் அடக்குகிறது. சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, வெட்டும் நிலையிலுள்ள மரம், வளரும் பயிர், புல் ஆகிய மூன்றையும் அசையாச் சொத்திலிருந்து விலக்குகிறது. இவ்விரண்டையும் இணைத்து விளக்கியது 1958ஆம் ஆண்டின் சாந்தாபாய் வழக்கு. அத்தீர்ப்பில் நீதிபதி விவியன் போஸ், மரத்தின் இனத்தைவிட அதைக் குறித்த கருத்தே அளவுகோல் என்றார். தொடர்ந்து மண்ணிலிருந்து உணவு பெற்று வளரவும் காய்க்கவும் விடப்பட்ட மரம் அசையாச் சொத்து. விரைவில் வெட்டப்படும் நோக்கில் நிற்பது வெட்டுமரம்.

அசையும் சொத்து மட்டுமே திருட்டுக்கு உட்படும். அவ்வாறாயின் நிற்கும் மரத்தைத் திருடுவது எவ்வாறு என்னும் வினா எழும். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 378ஆம் பிரிவிலேயே இதற்கு விடை தந்தது. மண்ணோடு பிணைந்திருக்கும்வரை பொருள் திருட்டுக்கு உட்படாது. பிரிக்கப்பட்ட நொடியிலேயே உட்படும். பிரிக்கும் செயலும் நகர்த்தும் செயலும் ஒன்றாகவே இருக்கலாம். அப்பிரிவின் முதல் எடுத்துக்காட்டே பிறர் நிலத்து மரத்தைப் பற்றியது. நேர்மையற்ற முறையில் கொண்டுசெல்லும் நோக்குடன் ஒருவர் பிறர் நிலத்து மரத்தை வெட்டினால், வெட்டி முடித்தவுடனே திருட்டு நிறைவுபெறுகிறது. மரம் வண்டியில் ஏற்றப்பட வேண்டியதில்லை, எல்லையைத் தாண்ட வேண்டியதுமில்லை. இதே கருத்து இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில் இடம்பெறுகிறது. 2024 ஜூலை 1க்கு முன் நிகழ்ந்த செயல்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

கொண்டுசெல்லும் நோக்கம் இல்லாமல் பகையினாலோ நிழல் விழுகிறது என்னும் எரிச்சலினாலோ மரத்தை வெட்டிப் போட்டுவிட்டுச் சென்றால் அது திருட்டாகாது. அது சொத்துக்குச் சேதம் விளைவித்தல் ஆகும். பழைய சட்டத்தின் 425 முதல் 427 வரையிலான பிரிவுகளும் புதிய சட்டத்தின் 324ஆம் பிரிவும் இதை வரையறுக்கின்றன. பிறர் நிலத்துக்குள் குற்றம் செய்யும் நோக்கோடு நுழைந்தது தனியே குற்றமுறு அத்துமீறல் ஆகிறது. அதற்குப் புதிய சட்டத்தின் 329ஆம் பிரிவு மூன்று மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது.

நன்னம்பிக்கையுடன் கூடிய உரிமைக் கோரிக்கை

ஊரகப் பகுதிகளில் மரம் வெட்டியது தொடர்பான முறையீடுகளில் எதிர்த்தரப்பு வழக்கமாகச் சொல்லும் விடை, ‘அது எங்கள் எல்லைக்குள் நின்ற மரம்’ என்பது. இவ்விடைக்குச் சட்டத்தில் இடமுண்டு. நேர்மையற்ற நோக்கம் திருட்டின் இன்றியமையாக் கூறு. தமக்கு உரிமை உண்டு என உண்மையாகவே நம்பிச் செயல்பட்டவரிடம் அந்த நோக்கம் இல்லை. அகில இந்தியச் சட்ட அறிக்கையின் 1965ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடம்பெற்ற, குளத்து மீன் தொடர்பான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இக்கோட்பாட்டை உறுதிசெய்தது. உரிமைக் கோரிக்கை முடிவில் தவறானதாக இருக்கலாம். அது நன்னம்பிக்கையில் எழுந்ததாக இருந்தால் போதும்.

இப்பாதுகாப்புக்கு வரம்பும் உண்டு. நில அளவை செய்து கல் நடப்பட்ட பின்னரோ, நீதிமன்றத் தடையாணை வழங்கப்பட்ட பின்னரோ, அண்டையார் எழுத்துமூலம் மறுப்புத் தெரிவித்த பின்னரோ வெட்டியவர் நன்னம்பிக்கையை நிறுவுவது கடினம். இரவில் வெட்டியது, அடிக்கட்டையைத் தோண்டி மண் மூடியது போன்ற நடத்தைகளும் நம்பிக்கையின்மையைக் காட்டும். மேலும் நன்னம்பிக்கை குற்றப்பொறுப்பை நீக்கினாலும் உரிமையியல் பொறுப்பை நீக்காது. நிலத்தின்மீதான அத்துமீறலில் தவறான நம்பிக்கை ஒரு விடையாகாது. இழப்பீட்டின் அளவைக் குறைப்பதற்கு மட்டுமே அது உதவும்.

உரிமையியல் தீர்வுகள்

மரம் வெட்டப்படும் என்னும் அச்சம் எழும் நிலையில், தனிநிலைத் தீர்வுகள் சட்டம் 1963இன் 38ஆம் பிரிவின்படி நிரந்தரத் தடையாணை கோரி வழக்கிடலாம். வழக்கு முடியும்வரை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் கட்டளையின்கீழ் இடைக்காலத் தடை பெறலாம். வெட்டப்பட்ட பின்னர் எஞ்சும் தீர்வு இழப்பீடு. காலவரையறைச் சட்டம் 1963இன் 87ஆம் இனம், அசையாச் சொத்தின்மீதான அத்துமீறலுக்கு இழப்பீடு கோர மூன்றாண்டு அளிக்கிறது. அக்காலம் அத்துமீறல் நிகழ்ந்த நாளிலிருந்து தொடங்கும்.

சான்றைப் பொறுத்தவரை அடிக்கட்டையே முதன்மையானது. 26ஆம் கட்டளை 9ஆம் விதியின்படி வழக்கறிஞர் ஆணையரை அமர்த்தி, நில அளவரின் துணையுடன் புலப்படத்தோடு ஒப்பிட்டு, அடிக்கட்டையின் இருப்பிடம், சுற்றளவு, இனம், மதிக்கத்தக்க வயது ஆகியவற்றைப் பதிவுசெய்வது வழக்கம். இதில் தாழ்த்தம் கூடாது. மழைக்காலத்தில் அடிக்கட்டை மட்கும், தளிர்க்கும், அல்லது தோண்டியெடுக்கப்படும். அடங்கலில் மரங்கள் பதிவாகியிருந்தால் அது துணைச்சான்றாகும். பட்டா வருவாய் ஆவணமே. அது தன்னளவில் உரிமைமூலம் ஆகாது என்பது நிலைபெற்ற சட்டம். ஆதலால் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் மரவடை எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது என்பது பத்திர நடையைத் தாண்டிய பயன் உடையது.

எல்லையைத் தாண்டி நீளும் கிளைகளின் நிலை வேறு. இங்கிலாந்தின் லெம்மன் எதிர் வெப் வழக்கு (1895), அண்டையார் தம் நிலத்திலிருந்தபடியே, தம் எல்லைக்குள் நீண்ட கிளையை மட்டும் வெட்டலாம் என்றது. மில்ஸ் எதிர் புரூக்கர் வழக்கு (1919), அவ்வாறு வெட்டிய கிளையின் கனி மரத்துக்கு உரியவருக்கே சேரும் என்றது. ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபைப் பின்பற்றும் இந்திய நீதிமன்றங்களில் இக்கோட்பாடு வழிகாட்டுகிறது. எல்லைக்கு அப்பாலுள்ள அடிமரத்தை வெட்டும் உரிமை இதிலிருந்து பிறக்காது. விழும் நிலையிலுள்ள மரத்தால் ஆபத்து இருப்பின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்படி நிருவாக நடுவரிடம் முறையிட்டு அதை அகற்றவோ தாங்கவோ ஆணை பெறலாம். மின்கம்பிக்கு இடையூறான மரத்தை அகற்றும் நடைமுறையை மின்சாரச் சட்டம் 2003இன் 68ஆம் பிரிவு வகுக்கிறது. கம்பி அமைக்கப்படும் முன்பே இருந்த மரமாயின் இழப்பீடு தரவேண்டும் என்றும் அது கூறுகிறது. சட்டம் வெட்ட அனுமதிக்கும் இடத்திலும் ஈடு என்னும் கடமை பெரும்பாலும் உடன்வருகிறது.

ஒரு மரத்தின் விலை: மூன்று கணக்குகள்

பழைய தண்டனைச் சட்டத்தின் 427ஆம் பிரிவு ஐம்பது ரூபாய் இழப்பையே எல்லையாக வைத்திருந்தது. எந்த மரமும் அந்த எல்லையைத் தாண்டிவிடும் என்பதால் மதிப்பீடு குற்றவியலில் முக்கியத்துவம் பெறவில்லை. புதிய சட்டம் இந்நிலையை மாற்றியுள்ளது. 324ஆம் பிரிவின்படி, சேதம் இருபதாயிரம் ரூபாய்க்குக் குறைவாயின் பொதுவிதிப்படி ஆறு மாதம் வரை சிறை. இருபதாயிரம் முதல் ஓர் இலட்சத்துக்குள் எனில் இரண்டாண்டு வரை. ஓர் இலட்சமும் அதற்கு மேலும் எனில் ஐந்தாண்டு வரை. 303ஆம் பிரிவில் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஆனால் பொருளின் மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவாக இருந்து, குற்றவாளி முதன்முறை தண்டிக்கப்படுபவராக இருந்து, பொருளையோ மதிப்பையோ திருப்பித் தந்தால் சமூக சேவையே தண்டனை.

விளக்கத்தின் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டை அமைக்கலாம். இதிலுள்ள தொகைகள் கணக்கை விளக்கக் கொள்ளப்பட்டவை, சந்தை விலைகளைச் சுட்டுபவை அல்ல. பண்பொழியில் ‘அ’ என்பவரின் தோப்பிலுள்ள முப்பது ஆண்டு மாமரத்தை அண்டை நிலத்தவர் ‘ஆ’ வெட்டுகிறார். அம்மரம் செலவு போக ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய் வருவாய் தந்துவந்தது. வெட்டிய மரம் விறகாக நான்காயிரத்து ஐந்நூறு ரூபாய் பெறும்.

முதற்கணக்கு விறகு விலை. இதன்படி மதிப்பு 4,500 ரூபாய். திருட்டு எனில் சமூக சேவைக்குரிய எல்லைக்குள் அடங்கும். சேதம் எனில் மிகக் குறைந்த படிநிலையில் அடங்கும்.

இரண்டாம் கணக்கு வருவாய் மூலதனமாக்கம். நில எடுப்பு வழக்குகளில் கனிதரும் மரத்தின் நிகர ஆண்டு வருவாயைக் குறிப்பிட்ட பெருக்கியால் பெருக்கி மதிப்பிடுவர். ஹரியானா அரசு மேல்முறையீடு செய்த 1995ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பெருக்கி எட்டைத் தாண்டக்கூடாது என்றது. நிலத்துக்கும் மரத்துக்கும் தனித்தனியே இருமுறை மதிப்பிடலாகாது என்றும் கூறியது. அகர்தலா விமான நிலையத்தை ஒட்டிய தனியார் நிலத்து மரங்கள் தொடர்பான இந்திய விமான நிலைய ஆணைய வழக்கிலும் (2002) பதினெட்டு என வழங்கப்பட்ட பெருக்கி எட்டாகக் குறைக்கப்பட்டது. மின்கம்பிக்காக மரம் வெட்டப்பட்டது குறித்த கேரள மாநில மின்வாரிய வழக்கு (2007), ஒரே பெருக்கியை எங்கும் இயந்திரம்போல் கையாளக் கூடாது, நிலத்தின் அமைவிடமும் பயிரும் கருதப்பட வேண்டும் என்று நெகிழ்வு அளித்தது. எட்டு என்னும் பெருக்கியைக் கொண்டால் ‘அ’வின் மாமரம் 48,000 ரூபாய் பெறும். குற்றம் இரண்டாண்டுச் சிறைக்குரிய படிநிலைக்கு உயர்கிறது.

மூன்றாம் கணக்கு சூழலியல் மதிப்பு. மேற்கு வங்கத்தில் இருப்புப்பாதை மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டுவது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு, 2021இல் மரத்தின் வயதை 74,500 ரூபாயால் பெருக்கும் முறையைப் பரிந்துரைத்தது. அத்தொகையில் 45,000 ரூபாய் உயிர்வளிக்கு உரியது. இதன்படி முப்பது ஆண்டு மாமரம் 22,35,000 ரூபாய் ஆகிறது. இச்சூத்திரம் விதியாக்கப்படவில்லை. 2021 மார்ச்சில் நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை வகுக்க மற்றொரு குழுவை அமைத்தது.

ஒரே மரம் மூன்று கணக்குகளில் மூன்று குற்றங்களாகிறது என்பது இவ்வொப்பீட்டின் முடிவு. எக்கணக்கைக் கொள்வது என்பதற்குச் சட்டத்தின் சொற்களிலேயே விடை தேடலாம். திருட்டுப் பிரிவு ‘திருடப்பட்ட பொருளின் மதிப்பை’க் கேட்கிறது. திருட்டுக்கு உட்படுவது மண்ணிலிருந்து பிரிந்த மரமே. எனவே அங்கு வெட்டுமர விலை பொருந்துகிறது. சேதப் பிரிவு கேட்பது ‘இழப்பு அல்லது சேதத்தின் தொகையை’. ‘அ’ இழந்தது விறகை அன்று. இனிவரும் ஆண்டுகளில் காய்க்கவிருந்த மரத்தையே அவர் இழந்தார். ஆதலின் அங்கு வருவாய்க் கணக்கே இயைபுடையது. மேலும் 324ஆம் பிரிவின் வரையறை, ‘பொதுமக்களுக்கோ எவரேனும் ஒருவருக்கோ’ விளையும் இழப்பைக் குறிக்கிறது. பொதுமக்கள் என்னும் சொல் இடம்பெற்றிருப்பதால் சூழலியல் இழப்பையும் கணக்கில் கொள்ளலாம் என வாதிட இடமுண்டு. ஆனால் உயிர்வளியின் மதிப்பு ‘அ’வின் தனிப்பட்ட இழப்பன்று. அதை அவருக்குரிய இழப்பீடாகக் கேட்பது பொருந்தாது.

இதன் நடைமுறைப் பயன் வெளிப்படை. முறையீட்டில் திருட்டை மட்டும் எழுதி, மரத்தின் மதிப்பை விறகு வியாபாரியின் சொல்லால் நிரப்பினால் வழக்கு மிகக் குறைந்த நிலையிலேயே நின்றுவிடும். சேதத்தையும் சேர்த்து, தோட்டக்கலை அலுவலரின் மதிப்பீட்டை இணைத்தால் நிலை மாறும். 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் 29ஆம் பிரிவில் மரங்களையும் செடிகளையும் மதிப்பிட வேளாண்மை, வனவியல், தோட்டக்கலை வல்லுநர்களைப் பயன்படுத்த இடமளிக்கிறது. அரசு ஒரு மரத்தை எடுக்கும்போது பின்பற்றும் முறையை, அண்டையார் ஒரு மரத்தை அழிக்கும்போது மட்டும் கைவிடுவதற்குத் தக்க காரணம் இல்லை.

தவறிழைத்தவரின் மனநிலையும் ஈட்டின் அளவும்

உரிமையியல் இழப்பீட்டில் வெட்டியவரின் மனநிலைக்கும் இடமுண்டு. பிறர் நிலத்தடி நிலக்கரியை அறியாமல் எடுத்தது குறித்த லிவிங்ஸ்டன் வழக்கில் (1880) பிளாக்பர்ன் பிரபு, தீங்குக்கு முன்னிருந்த நிலைக்கு இழந்தவரைப் பணத்தால் மீட்பதே இழப்பீடு என்றார். இம்மரபில், அறியாமல் எடுத்தவர் எடுப்பதற்கான செலவைக் கழித்துக்கொண்டு எஞ்சிய மதிப்பைத் தந்தால் போதும். அறிந்தே எடுத்தவருக்கு அக்கழிவு இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில உரிமையியல் சட்டம் ஒருபடி மேலே சென்று, வேண்டுமென்றே பிறர் மரத்தை வெட்டியவரிடம் மும்மடங்கு வரையிலும், தற்செயலாக வெட்டியவரிடம் இருமடங்கும் ஈடு பெற இடமளிக்கிறது. விலையைக் கொடுத்துவிட்டு மரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்னும் எண்ணத்தைத் தடுப்பதே இதன் கருத்து. விலைக்கு விற்க மறுக்கும் உரிமையும் உரிமையாளருக்கு உண்டு. வெறும் விலையை ஈடாக வாங்கித் தருவது அவ்வுரிமையை வெட்டியவரிடம் ஒப்படைப்பதாகிவிடும். இந்தியாவில் இத்தகைய பன்மடங்கு ஈட்டுக்கான பொதுச்சட்டம் இல்லை.

நில உரிமையாளரின் இசைவைக் கடந்த பொறுப்பு

உரிமையாளர் இசைந்தால் பொறுப்பு முற்றும் நீங்கிவிடும் எனக் கொள்ளலாகாது. தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955, அறிவிக்கை செய்யப்பட்ட மலைப்பகுதிகளில் சொந்த நிலத்து மரத்துக்கும் அனுமதி வேண்டும் என்கிறது. தனியார் காடுகளுக்கு 1949ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும் என 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் வழங்கப்பட்ட ஆணை, காடு என்னும் சொல்லை உரிமை யாரிடம் இருப்பினும் அகராதிப் பொருளில் கொள்ள வேண்டும் என்றது. காட்டை ஒட்டிய பண்பொழி போன்ற ஊர்களில் இவ்வாணையின் தாக்கம் மிகுதி.

2025 மார்ச் 25 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஆணை இவ்விரு நிலைகளையும் ஒன்றாகக் காட்டுகிறது. தாஜ் சரிவகப் பாதுகாப்பு மண்டலத்தில், விருந்தாவனத்தை அடுத்து 454 மரங்கள் அனுமதியின்றி வெட்டப்பட்டன. அவற்றுள் 422 தனியார் நிலத்திலும் 32 சாலையோரப் பாதுகாக்கப்பட்ட வனப்பட்டையிலும் நின்றவை. மரம் ஒன்றுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வீதம் விதிக்கப்பட்ட அபராதத்தை நீதிமன்றம் உறுதிசெய்தது. சொந்த நில மரம், பிறர் நில மரம் என்னும் வேறுபாடு அத்தொகையில் இல்லை. மரம் பொதுநலனுக்குரியது என்னும் நோக்கில் இது ஏற்கத்தக்கது. ஆனால் இவ்வபராதம் நில உரிமையாளருக்குச் செல்வதன்று. தனிமனித இழப்பு இத்தகைய ஆணைகளால் ஈடுசெய்யப்படுவதில்லை.

முடிவுரை

பிறர் நிலத்து மரத்தை வெட்டியவரின் பொறுப்பை நிறுவ, நிலம் யாருடையது, மரம் யாருடையது, வெட்டியவரின் நோக்கம் யாது, இழப்பின் அளவு யாது என்னும் நான்கு வினாக்களுக்கு விடை வேண்டும். முதல் மூன்றுக்குச் சட்டமும் தீர்ப்புகளும் தெளிவான அளவுகோல்களைத் தருகின்றன. நான்காவது வினாவுக்கான அளவுகோல்கள் நில எடுப்பு, மின்தடம், சூழலியல் ஆகிய பிற துறைகளில் சிதறிக் கிடக்கின்றன. அண்டை நிலத் தகராறுகளுக்கு அவை முறையாகக் கொண்டுவரப்படவில்லை.

2024க்குப் பின் இக்குறை குற்றவியலையும் பாதிக்கிறது. தண்டனையின் படிநிலையைத் தொகையோடு பிணைத்த சட்டம், அத்தொகையை எவ்வாறு கணக்கிடுவது எனக் கூறவில்லை. திருட்டுக்கு வெட்டுமர விலை, சேதத்துக்கு நிற்கும் மரத்தின் வருவாய் மதிப்பு, பொதுநல நடவடிக்கைகளுக்குச் சூழலியல் மதிப்பு என மூன்றையும் அவற்றுக்குரிய இடத்தில் பயன்படுத்தும் நெறிமுறையை மாநில அரசு தோட்டக்கலைத் துறை, வனத்துறை ஆகியவற்றின் துணையுடன் வகுக்கலாம். வட்டார அளவில் மா, தென்னை, புளி, பனை முதலியவற்றின் வயதுவாரி நிகர வருவாய் அட்டவணை ஒன்று இருந்தாலே காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் பெரும்பகுதி ஐயம் நீங்கும். அதுவரை, மரத்தை இழந்த விவசாயி அடிக்கட்டை மட்குவதற்குள் அளவையும் மதிப்பீட்டையும் பதிவுசெய்துகொள்வதே அவருக்குள்ள உறுதியான காப்பு.